ஆடுறது அண்ணன்... வார்த்தை படிக்கிறது தங்கச்சி!

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். பின்னணியில் மிக்ஸி சத்தம். நடுநடுவே “டேய், சவுண்டைக் குறைடா” என்று ஓர் அதட்டல். விஷயம் இதுதான்.

“சார், மூத்தவன் எட்டாவது படிக்கிறான். இங்கிலீஷ்ல இருபது வார்த்தைக்கு அர்த்தம் படிச்சிட்டு வரச் சொல்லியிருந்தாங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும் சொல்லிச் சொல்லிப் படிச்சான். காலைல கேட்டா பாதியைக் காணோம். ஆனா அந்த கேம்ல வர்ற இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். அப்ப வார்த்தை படிக்கிறதுக்குன்னே ஏதாவது கேம் இருந்தா சொல்லுங்க, ஏத்திக் கொடுத்துடுறேன். வீட்ல இருக்கிறது ஒரே போன்தான். சின்னவ ஆறாவது. அவ போனெல்லாம் கேக்க மாட்டா, அண்ணன் விளையாடுறதைப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா.”

கடைசி வரியைப் போகிற போக்கில்தான் சொன்னார். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பையன்.

கொரோனா காலத்தில் ஆன்லைன் கிளாசுக்காக வாங்கிய போன், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் பல வீடுகளில் பிள்ளைகள் கையை விட்டுப் போகவில்லை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ‘ரிவைவ் பண்ணுடா’, ‘ஸோன் வருது’, ‘லூட் எடு’, ‘எனிமி அங்கிட்டு இருக்கான்’ என்று காதில் விழும். பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள். ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியில் தடை செய்தார்கள். அந்த வார்த்தைகளை யாராலும் தடை செய்ய முடியவில்லை.

இவை ஏன் ஒட்டிக்கொண்டன? கூட ஆடுகிறவன் அடிபட்டு விழுந்துவிட்டான். சில விநாடிகளுக்குள் தூக்கிவிடாவிட்டால் அவன் அவுட். அந்த நேரத்தில் ‘ரிவைவ்’ என்ற சொல் வாயில் வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் நஷ்டம். இப்படி ஒரே மாலையில் பத்து, இருபது தடவை. மறுநாளும் அதே. அதாவது பையன் அந்தச் சொல்லைப் ‘படிக்க’வே இல்லை. தேவைப்பட்டபோதெல்லாம் மூளையிலிருந்து வெளியே இழுத்தான். ராத்திரி பத்து மணி வரை பையன் படித்த இருபது வார்த்தைகளோ உள்ளே போட்டுக்கொண்டே இருந்தவை. ஒரு தடவைகூட வெளியே இழுக்கப்படவில்லை.

உள்ளே போடுவதற்கும் வெளியே இழுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்ப்பிக்கி, ஹென்றி ரோடிகர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் காட்டினார்கள். கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி மொழிச் சொற்களை ஆங்கில அர்த்தத்தோடு கொடுத்தார்கள். ஸ்வாஹிலி கிழக்கு ஆப்பிரிக்க மொழி, யாருக்கும் முன்பின் பழக்கமில்லாதது. எல்லோரும் 40 சொற்களையும் ஒரு தடவையாவது சரியாகச் சொல்லும் அளவுக்குக் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் வித்தியாசம். சிலருக்கு, ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டாலும் திரும்பத் திரும்ப அதே சொல்லில் கேள்வி கேட்டார்கள். மற்றவர்களுக்கு, ‘இது தெரிந்துவிட்டது’ என்று அந்தச் சொல்லைக் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டார்கள். படிப்பதற்கு மட்டும் சிலருக்குத் தொடர்ந்து கொடுத்தார்கள்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டால், தொடர்ந்து கேள்வி கேட்கப்பட்டவர்களுக்குச் சுமார் 80 சதவிகிதம் நினைவில் இருந்தது. கேள்வி நிறுத்தப்பட்டவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான். அவர்கள் கூடுதலாகப் படித்தார்களா இல்லையா என்பது பெரிதாக ஒன்றும் மாற்றவில்லை. இதில் எனக்குப் பிடித்த இன்னொரு தகவல்: ‘ஒரு வாரம் கழித்து எத்தனை நினைவிருக்கும்?’ என்று மாணவர்களிடமே முன்கூட்டிக் கேட்டபோது, எல்லாக் குழுவினரும் கிட்டத்தட்ட பாதி என்றுதான் சொன்னார்கள். எந்த வழி வேலை செய்கிறது என்று அதைச் செய்தவர்களுக்கே தெரியவில்லை. எட்டாவது படிக்கும் பையனுக்கு எப்படித் தெரியும்? ‘நல்லாத்தானே படிச்சேன்’ என்று அவன் சொல்வதில் பொய் இல்லை.

சரி, அப்படியானால் ஆங்கிலத்தில் ஓடும் எந்த கேமையும் கையில் கொடுத்துவிட்டால் போதுமா? அங்கேதான் சிக்கல்.

ஜப்பானில் ஜோனதன் டிஹான் என்ற ஆசிரியரும் அவருடன் இருவரும் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 80 கல்லூரி மாணவர்களை இரண்டு இரண்டு பேராகச் சேர்த்தார்கள். ஆங்கிலத் திறமையிலும் கேம் ஆடும் திறமையிலும் ஒத்தவர்களாகப் பார்த்துச் சேர்த்த ஜோடி. ஒருவர் 20 நிமிடம் ஒரு பாட்டு கேமை ஆட வேண்டும். மற்றவர் அதே ஆட்டத்தை வேறொரு திரையில் வெறுமனே பார்க்க வேண்டும். அந்த கேமில் காகிதம் போலத் தட்டையான ஒரு நாய், ஆங்கிலத்தில் ராப் பாட்டுப் பாடும். தாளத்துக்கு ஏற்றபடி பட்டனைத் தட்ட வேண்டும்.

முடிந்ததும் பாட்டில் வந்த ஆங்கிலச் சொற்களைக் கேட்டார்கள். ஆடியவரைவிடப் பார்த்தவருக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

காரணத்தை யோசித்தால் புரிந்துவிடும். ஆடுகிறவரின் கண் பட்டன் குறி மேல். கை பட்டன் மேல். மனசு தாளத்தின் மேல். பாட்டின் அர்த்தத்துக்கு உள்ளே இடமில்லை. பார்க்கிறவருக்கு அந்த அவசரம் எதுவும் இல்லை. ஏற்கெனவே தெரிந்த ஆட்டத்தை ஹாயாகப் பார்ப்பது போல, சொற்களைக் கவனிக்க முடிந்தது. முக்கியமாக, அந்த கேமை ஜெயிக்க ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டபோது, ஆடியவர், பார்த்தவர் இருவருமே நிறைய மறந்திருந்தார்கள். பார்ப்பதால் சொல் உள்ளே போகிறது, அவ்வளவுதான். தங்க வேண்டுமென்றால் பழைய கதைதான், யாராவது கேட்க வேண்டும்.

இப்போது திருமங்கலத்துச் சின்னவளுக்கு வருவோம். போன் கேட்காத பெண். அண்ணன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவள். நம் வீடுகளில் இந்தக் காட்சி புதிதல்ல. ஒரு சைக்கிள் இருந்தால் அண்ணன் ஓட்டுவான், தங்கை பின்னால் உட்காருவாள். ஒரு போன் இருந்தால் அண்ணனுக்கு ‘படிக்க வேண்டியிருக்கு’. அவளுக்கு என்றைக்குமே வேண்டியிருக்காது! இத்தனைக்கும் அந்த வீட்டில் சொற்கள் அதிகமாகப் போய்ச் சேருவது ஒருவேளை அவளிடமாக இருக்கலாம். யாரும் அவளிடம் கேட்டுப் பார்த்ததில்லை.

ஆகவே அந்த வாசகிக்கு நான் சொன்ன யோசனையில் புது ஆப் எதுவும் கிடையாது. ஆடுவதற்கு இருபது நிமிடம். பக்கத்தில் இருப்பவர் கையில் ஒரு பேனா, பழைய நோட்டின் கடைசிப் பக்கம். திரையில் வருகிற, அல்லது கேமில் பேசப்படுகிற சொற்களில் ஐந்தை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்துதான், பேராசை வேண்டாம். இருபது நிமிடம் முடிந்ததும் போன் கவிழ்த்து வைக்கப்படும். இப்போது நோட்டு வைத்திருப்பவர் கேள்வி கேட்பார். ஆடியவர் அர்த்தம் சொல்லி, எழுத்துக்கூட்டி எழுதிக் காட்ட வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ள வேண்டும். அண்ணன் கையில் நோட்டு, தங்கச்சி கையில் போன். இந்த மாற்றத்தில் தாட்சண்யம் காட்டக் கூடாது, “அவளுக்கு ஆடத் தெரியாது”ன்னு அவன் சொன்னாலும் சரி. ரெண்டு நாளில் தெரிந்துவிடும்.

அதே ஐந்து சொற்களை மறுநாள் கேட்க வேண்டும். மூணு நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம் கழித்து. மறந்துபோனதைத் திட்டக் கூடாது. மறந்து, தடவித் தேடி, பிடித்து வெளியே இழுக்கும்போதுதான் அது தங்குகிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தான் எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று கணக்குப் போட்டு 1885-ல் புத்தகமாகவே வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, பிறகுதான் வேகம் குறைகிறது. முதல் கேள்வியை மறுநாளே கேட்கச் சொல்வது அதனால்தான்.

‘எந்த கேம் நல்ல கேம்?’ என்று அடுத்து கேட்பீர்கள். பெயர் பட்டியல் கொடுத்தால் அடுத்த மாதம் அந்த கேம் இருக்குமோ இருக்காதோ. அதற்குப் பதில் ஒரு சோதனை சொல்கிறேன். திரையில் எழுத்து வருகிற இடத்தை உங்கள் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். அல்லது சத்தத்தை முழுக்க அணைத்துவிடுங்கள். பிள்ளை அப்போதும் ஜாலியாக ஆடி ஜெயிக்கிறதா? அப்படியென்றால் அந்த கேம் மொழி கற்றுத்தரவில்லை. பொழுதுபோக்குக்கு ஆடலாம், அதற்கு மேல் அதில் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. விரலை எடுக்கச் சொல்லிப் பிள்ளை கத்துகிறதா? அங்கே சொல்லுக்கு வேலை இருக்கிறது.

இந்தச் சோதனையில் மிட்டாய் உடைக்கிற கேம், பஸ்ஸிலிருந்து குதித்து ஓடுகிற கேம் எல்லாம் ஃபெயில். குறிப்பு படித்துப் புதையல் தேடுவது, கதைமாந்தரிடம் பேசி அடுத்த இடத்துக்கு வழி தெரிந்துகொள்வது, என்னென்ன சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று படித்துச் செய்கிற சமையல் கேம் இவையெல்லாம் பாஸ். மெதுவாக நகர்கிற கேமாக இருந்தால் இன்னும் நல்லது. மைன்கிராஃப்ட் ஆடுகிற வீடுகளுக்கு ஒரு தகவல்: அதன் கணினிப் பதிப்பில், ஜாவா எடிஷன் என்பார்கள், மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. கனடாவில், சிங்கப்பூரில் இருக்கிற பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொல் சேர வேண்டுமென்று கவலைப்படும் மதுரைத் தாத்தா பாட்டிகள் இதைச் சொல்லி அனுப்பலாம். மொழியை மாற்றிவிட்டு வீடியோ காலில் ‘இப்ப கையில என்னடா வச்சிருக்க?’ என்று கேட்டால் போதும். பதில் தமிழில் வரும், அல்லது தமிழில் வர வேண்டியிருக்கும்.

குட்டிப் பிள்ளைகளுக்கு கூகுள் 2019 மார்ச்சில் ‘போலோ’ என்று ஓர் ஆப் கொண்டுவந்தது. பிறகு ‘ரீட் அலாங்’ என்று பெயர் மாறியது. தமிழ்க் கதைகளும் சேர்ந்தன. பிள்ளை சத்தமாகப் படிக்க, தியா என்ற கார்ட்டூன் பெண் கேட்டுக்கொண்டிருப்பாள். சரியாகப் படித்தால் நட்சத்திரம். 2022 ஜூனில் பள்ளிக் கல்வித்துறை இல்லம் தேடிக் கல்வி மையங்களில் இதை வைத்து 12 நாள் வாசிப்பு மாரத்தானே நடத்தியது. எழுத்தை மறைத்தால் ஆட முடியாத விளையாட்டு இது, அந்த வகையில் நூற்றுக்கு நூறு பாஸ். பிள்ளை வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது என்பது கூடுதல் லாபம்.

மொழி கற்றுத்தரும் மற்ற ஆப்களில் நான் ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்கச் சொல்வேன். நாலு பதிலைக் கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்கிற கேள்விகள்தான் அவற்றில் அதிகம். நம் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். மூன்றைக் கழித்துவிட்டு நாலாவதைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, கேட்டால் வாயில் வருவது வேறு. தெருவில் பார்த்தால் ‘இவரைத் தெரியுமே’ என்போம், பேர் வராது, அந்த மாதிரி. தொடர்ந்து 100 நாள் ஆடினேன் என்று நெருப்புப் படம் காட்டுகிறார்கள். சந்தோஷம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஐந்து சொல் கேட்டுப் பாருங்கள்.

சுவீடனில் 11, 12 வயதுப் பிள்ளைகளைப் பற்றி 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆங்கில கேம் ஆடுகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல்வளம் அதிகம் என்றது. ‘பாத்தீங்களா!’ என்று பையன்கள் இதை எடுத்துக்கொண்டு வருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் நன்றாக வருகிற பிள்ளை ஆங்கில கேமை விரும்பி ஆடுவதும் உண்டு. எது காரணம், எது விளைவு என்று அதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. தவிர, சுவீடனில் டி.வி-யில் ஆங்கிலப் படம் டப்பிங் இல்லாமல் ஆங்கிலத்திலேயே ஓடும். கேமில் கேட்ட சொல்லை மறுநாள் டி.வி-யில் கேட்க முடியும். உசிலம்பட்டியில் அது நடக்காது.

நடக்காதுதான், ஆனால் வேறொன்று நடக்கும். கேமில் கற்ற சொல்லுக்கு ஒரு குறை உண்டு, அது கேமுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ‘கவர்’ என்றால் பையனுக்குச் சுவருக்குப் பின்னால் ஒளிவது. அதே சொல் பாடத்தில் வந்தால் முழிக்கிறான். ஆனால் கடையில் ‘அண்ணே, ஒரு கவர் குடுங்க’ என்று கேட்கிறவனும் அவன்தான்! மூன்றும் ஒரே சொல், மூடுவது, மறைப்பது என்ற ஒரே வேரிலிருந்து வந்தது என்று யாராவது சேர்த்துக் காட்டினால் மூன்றும் பிடித்துக்கொள்ளும்.

இதற்குத் திருமங்கலத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வருகிற பஸ் போதும். ஜன்னல் சீட்டு கிடைத்தால் இன்னும் விசேஷம். ‘ஸோன்’: நோ பார்க்கிங் ஸோன், ஸ்கூல் ஸோன். ‘சப்ளை’: தண்ணி லாரி முதுகில் வாட்டர் சப்ளை. ‘ஸ்கின்’: கேமில் துப்பாக்கிக்கு மாட்டுகிற சட்டை, இங்கே ஸ்கின் டாக்டர் போர்டு. ‘லோடு’: லோடு ஆட்டோ. ‘டேமேஜ்’: ஜவுளிக்கடையில் அப்பா பேரம் பேசுகிற டேமேஜ் பீஸ். இறங்குவதற்குள் யார் அதிகம் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கு அன்றைக்கு முதல் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை நேரமிருந்தால் புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள். குழந்தைகள் பகுதியில் ஓர் ஆங்கிலப் படக்கதையை எடுத்து, நோட்டில் இருக்கிற சொல் அதில் எங்காவது வருகிறதா என்று தேடச் சொல்லுங்கள். தேடும்போது கதையையும் படித்துவிடுவார்கள், நாம் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட வேண்டும்.

இன்னொரு சின்ன தந்திரம், இது அம்மாக்களுக்கு மட்டும். போனைத் திறக்கும் பூட்டுக்குக் கோலம் போடுவதற்குப் பதிலாக, எழுத்துகளில் பாஸ்வேர்டு வைக்கிற வசதி ஆண்ட்ராய்டில் இருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டாக இந்த வாரத்துச் சொல் ஒன்றை வையுங்கள். அர்த்தத்தைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். ஆங்கிலச் சொல்லை எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தால்தான் போன் திறக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும், அத்தனை தடவை எழுத்துப் பயிற்சி. வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். நீங்கள் மறந்துவிடாமல் எங்காவது குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் செல்போன் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். பேங்க் ஆப் வைத்திருக்கிற போனாக இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

முகம் தெரியாதவர்களோடு மைக்கில் பேசுகிற கேம்களில் மைக்கை அணைத்து வைப்பது, பணம் கேட்கிற பட்டன் எது என்று முன்பே காட்டிக்கொடுப்பது, இதெல்லாம் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

இத்தனையும் ஆங்கிலத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மதுரையில் பல வீடுகளில் தெருவுக்கு ஒரு மொழி, அடுப்படிக்கு ஒரு மொழி. சௌராஷ்டிர மொழி பேசுகிறவர்கள் 2011 கணக்கெடுப்பில் சுமார் 2.47 லட்சம் பேர். தாத்தா பாட்டிக்கு நூறு சொல் தெரிந்த இடத்தில் பேரனுக்குப் பத்துதான் தெரியும், மீதிக்குத் தமிழைப் போட்டு நிரப்பிக்கொள்கிறான் என்று அந்த வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். தெலுங்கு, கன்னடம் பேசுகிற வீடுகளிலும் இதே பேச்சு உண்டு. இவற்றுக்கு ஆயத்த கேம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். போன் கேமராவில் அடுப்படிச் சாமான் பத்தைப் படம் எடுங்கள். இடுக்கி, முறம், கரண்டி, பூரிக்கட்டை, எது வேண்டுமானாலும். தனி ஆல்பமாகச் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் இருவரும் பாட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, விரலால் ஒவ்வொரு படமாகத் தள்ள வேண்டும். படம் வந்ததும் யார் முதலில் வீட்டு மொழியில் பேர் சொல்கிறார்களோ அவருக்கு ஒரு மார்க். தமிழில் சொன்னால் ஒரு மார்க் கழியும். இரண்டு பேருக்கும் வரவில்லையென்றால் பாட்டி சொல்வார், அந்தப் படம் மட்டும் கடைசிக்குப் போய் மறுபடி வரும். நடுவர் பாட்டிதான், அப்பீல் கிடையாது.